செல்வம் நிரப்பிக் கொடுத்த பாட்டில்

ஒரகடம் தொழிற்சாலையில் ஓ.டி. பார்ப்பதற்காகத் தூக்கத்தை விரட்டும் மாத்திரை போட ஆரம்பித்தேன். கடைசியில் மாத்திரை வாங்குவதற்காக ஓ.டி. பார்த்தேன். அவ்வளவு பெரிய உழைப்பாளி நான்!

அதை விடுவதற்குச் சேர்ந்த சிகிச்சை மையத்தில் வாராவாரம் சிறுநீர்ச் சோதனை உண்டு. சுத்தமென்றால் குடத்தில் கைவிட்டுப் பரிசுச் சீட்டு எடுக்கலாம். வாரத்துக்கு ஒரு சீட்டு கூடும். தவறினால் மறுபடி முதலிலிருந்து.

ஐந்தாம் வாரம் சோதனைக்கு முன்பே தவறி, மாத்திரை போட்டுவிட்டேன். ஊரிலிருக்கும் மனைவியிடம், பரிசாக மிக்சி வந்துவிட்ட மாதிரியே அளந்திருந்தேன். அதனால் பென்னலூர் அறையில் என்னோடு தங்கியிருந்த செல்வத்திடம் அவன் சிறுநீரைக் கேட்டுக் கெஞ்சினேன். "அந்தக் கருமத்த வுட்டுட்டு மனுசனா இரு மச்சான்" என்று தினமும் உபதேசிப்பவன். ஏனோ தயங்கி, பாட்டிலை நிரப்பிக் கொடுத்தான்.

சோதித்த மேடம் நிமிர்ந்தார். "என்னண்ணே, மாத்திரை போட்டிருக்கீங்களே?"

"போட்டேன் மேடம். ஆனா இது என்னுது இல்ல!"

அறைக்கு ஓடி, "துரோகி!" என்று கத்தினேன்.

"தரமாட்டேன்னா ஏன்னு கேப்பியேடா. உன்னத் திட்டிக்கினு இருக்கும்போதுதான் மச்சான், நான் நல்லவனா இருந்தேன்" என்றான் செல்வம்.

ஏமாற்றப் போனவனுக்குக் கோபப்பட உரிமையில்லைதான். ஆனாலும் வலித்தது. அந்த அறையில் ஒருவனாவது தப்பித்துவிட்டான் என்று நம்பித்தான் நானும் முயன்றுகொண்டிருந்தேன்.