தட்டிப் பார்த்து வாங்கிய சங்கு

டூர் அழைத்துப் போகிறவன் கடலில் விழுந்தவர்களைவிடக் கடையில் விழுந்தவர்களைத்தான் அதிகம் கரையேற்ற வேண்டியிருக்கும். இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷம் விருத்தாசலத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கு வேன் விட்டேன். ‘இவரோட போனா ஏமாற மாட்டோம்’ என்ற பேர்தான் என் மூலதனம். அந்தப் பேர் எப்படிப் போனது என்று என் டிரைவர் கலியபெருமாள் ஒரு கதை சொன்னார். பல வருஷமாக எனக்கு அதில் சந்தேகம். டூர் போய் ஏமாந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும், நீங்களே கேளுங்கள்.

நாக்குப் பரிசோதனை

எங்கள் ஊரில் பலரும் செராமிக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். எதை எடுத்தாலும் தட்டிப் பார்ப்பார்கள், நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார்கள். சுட்ட மண் நாக்கில் ஒட்டும். ராமேஸ்வரம் கோயில் தெருவில் ஒருவன் வலம்புரிச் சங்கு விற்றான். எங்களோடு வந்த கம்பெனிக்காரர் தண்டபாணி தட்டினார், நக்கினார், வெயிலுக்கு நேரே பிடித்தார். பீங்கான் இல்லை, அச்சில் வார்த்த கோடும் இல்லை, அசல் என்று தீர்ப்புச் சொன்னார். அவரை நம்பி இன்னும் நாலு பேர் வாங்கினார்கள்.

வேனில் ஏறிய பிறகு வாங்கிப் பார்த்தேன். அசல் சங்குதான். ஆனால் எல்லாமே சாதாரண இடம்புரி. சொன்னதும் தண்டபாணி என்மேல் பாய்ந்தார்:

“நான் எதுல செஞ்சதுன்னு பாத்தேன். எந்தப் பக்கம் சுழிச்சிருக்குதுன்னு நீங்கல்ல பாத்திருக்கணும்?”

அடையாளம்

இன்னொரு டூரில் வந்த கம்மாபுரம் தமிழரசி அம்மாளிடம் ஒருவன், வரிசையில் நிற்காமல் தீர்த்தமாட வைக்கிறேன் என்று பணம் வாங்கிக்கொண்டு, அதே வரிசையின் வாலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு மறைந்துவிட்டான். விடக்கூடாது, புகார் கொடுப்போம் என்று போலீஸ்காரரிடம் அழைத்துப் போனேன். ஆள் எப்படி இருந்தான் என்று கேட்டார்.

“ஈரமா இருந்தாருங்க.”

அவர் தெருவைக் காட்டினார். அத்தனை பேரும் தலையிலிருந்து சொட்டச் சொட்டப் போய்க்கொண்டிருந்தார்கள். “இங்க காஞ்ச ஆளு நான் ஒருத்தன்தாம்மா” என்றார். ஆனாலும் எழுதி வாங்கிக்கொண்டார். திரும்பும்போது அந்த அம்மாள் மெதுவாகக் கேட்டது இன்னும் என்னைக் குடைகிறது. மாதாமாதம் அங்கே போகிறவனுக்கு முகங்கள் பழகிவிடுகின்றன. யாராவது தலையாட்டினால் நானும் ஆட்டியிருப்பேன்.

“தம்பி, அந்தாளு உங்களப் பாத்துத் தலையாட்டுனாரே, தெரிஞ்சவரா?”

அளவுக்கு மீறிய எச்சரிக்கை

அதற்குப் பிறகு பயந்துபோய், வேப்பூரில் டீ குடிக்க இறங்கும்போதே பிரசங்கத்தை ஆரம்பித்துவிடுவேன்: அங்கே யார் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள். ஏர்வாடி தர்காவுக்குப் போக எங்களோடு வந்த மங்கலம்பேட்டை ஜப்பார் பாய் கவனமாகக் கேட்டுக்கொண்டார். ராமேஸ்வரத்தில், பர்ஸைப் பத்திரமாக வையுங்கள் என்று எச்சரித்த போலீஸ்காரரிடமே அடையாள அட்டை கேட்டுவிட்டார். நான் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். பாய்க்குக் கோபம் என்மேல்:

“யாரையும்னுதானே சொன்னீங்க? போலீசக் கழிச்சுக்கோன்னு சொன்னீங்களா?”

சூடான இன்ஜின்

ஒரு முறை காய்ச்சலில் படுத்துவிட்டேன். வேன் நான் இல்லாமல் போனது. தீவுக்குப் போகும் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கடையில் பெண்கள் முத்துமாலை வாங்கியிருக்கிறார்கள். தீவில் குளித்து எழுந்தால் முத்தெல்லாம் வெள்ளை உரிந்து வெறும் பிளாஸ்டிக். திரும்பும்போதும் வேன் அதே கடை வாசலில் நின்றதும் இறங்கி, போலீசுக்குப் போவோம் என்று கூச்சல் போட்டிருக்கிறார்கள். கடைக்காரர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “உங்க டூர்காரர்தான் இங்க நிறுத்தச் சொல்றாரு, அவருக்குக் கமிஷன் போவுது” என்றாராம். “எங்க மொதலாளி தங்கம்னு நான் சண்டைக்கே போயிட்டங்க” என்றார் கலியபெருமாள். வேனை அங்கே நிறுத்தியது ஏன் என்றதற்கு, இரண்டு தடவையும் இன்ஜின் சூடாகிவிட்டது என்றார்.

ஊர் முழுக்கக் கமிஷன் பேச்சுப் பரவியது. அடுத்த டூருக்கு ஆள் சேரவில்லை, அதற்கடுத்ததற்கும் இல்லை. வேனை விற்றேன். அந்தக் கடைக்காரரை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும், தெரியாமல் நானே ஏதாவது வாக்குக் கொடுத்திருப்பேனோ என்று என்னையே கேட்டுக்கொண்டு கிடந்தேன். கடைசியில் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் கலியபெருமாளைப் பார்த்தபோது, நலம் விசாரிக்கக்கூட இல்லாமல் கேட்டுவிட்டேன்:

“ஏன் கலியபெருமாளு, போவும்போதும் அந்தக் கடை வாசல்லதான் சூடாச்சு, வரும்போதும் அங்கயேதான் சூடாச்சுன்னா, அந்தக் கடைக்காரரு நம்ம இன்ஜினுக்கு மாமனா, மச்சானா?”