சின்னம்மா பேசாத தபசு காலம்

கருவாடு சுடும் வாசனை எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டுக்கு மட்டும் சொந்தமாக இருந்ததில்லை. அந்த வரிசை வீடுகளைப் பிரிக்கும் சுவர் கூரைவரை எட்டாததால், ஒரு "காம்பரா"வில் சுட்டால் அடுத்த காம்பராவில் நாக்கு ஊறும். றொசல்ல ரயில் பாதைக்கு மேலே இருந்த அந்த லயத்தில் கத்தோலிக்கரான நாங்கள் "வேதக்காரவுங்க". சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த ராக்காயி சின்னம்மா மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுகிறவள். ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் நோன்பான எங்கள் தபசு காலத்தில் அம்மா கவுச்சி தொடமாட்டாள் என்பதற்காக அதுவரை சின்னம்மாவும் கருவாடு சுடமாட்டாள். அவள் காப்புக் கட்டிய நாட்களில் எங்கள் சட்டியும் கவுச்சி காணாது.

சின்னம்மாவுக்குப் பிள்ளை இல்லை. என்னைப் பெற்றதும் அம்மா காய்ச்சலில் கிடந்தபோது என்னை இடுப்பைவிட்டு இறக்காமல் வளர்த்தவள் அவள்தான். எனக்கு எட்டு வயதில், தபசு தொடங்கிய வாரம், கைகளை விரித்துக்கொண்டு தண்டவாளத்தின்மேல் நடந்து விளையாடிக்கொண்டிருந்தேன். வளைவில் ரயில் கூவியது. ஓடிவந்து என்னை இழுத்துப்போட்ட சின்னம்மா, பயம் தாங்காமல் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். விரல் பதிந்த கன்னத்தைப் பார்த்த அம்மா என்ன ஏது என்று கேட்கவில்லை, லயமே கேட்கக் கத்தினாள்: "அடிக்கிறதுக்கு நீ என்ன பெத்தவளா?"

சின்னம்மா உள்ளே போய்விட்டாள். அதன்பின் எங்களோடு பேச்சே இல்லை. "அடிக்கிற கைதான் அணைக்கும், நீ போய்ப் பேசு" என்று லயத்துப் பெரியவர்கள் சொல்லிப் பார்த்தார்கள், அம்மாவுக்கு வீம்பு. ஆனால் அத்தனை கோபத்திலும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கருவாட்டு வாசனை மட்டும் வரவே இல்லை. அம்மா அதைக் கவனித்தாள் என்பது, அடுப்படியில் அவள் அடிக்கடி மூக்கைச் சிந்தியதில் தெரிந்தது.

பூசை வைக்கும் பங்குச் சாமியார் எங்கள் தோட்டத்துக்கு எப்போதாவதுதான் வருவார். ஈஸ்டருக்கு முன் அவர் வருவது ஒரே ஒரு ஞாயிறுதான். தவறவிட்டால் அந்த வருடம் ஈஸ்டருக்கு வாங்கவேண்டிய பாஸ்கு நன்மை, அந்த அப்பம், கிடையாது. அன்று பூசைக்கு முன் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போன அம்மா முகம் சிவந்து எழுந்து வந்தாள். "யாரோட பேசாம இருக்கேன்னு கேட்டுட்டாருடி. மொதல்ல போயி சமாதானமாகிட்டு வா, பூசைய நிறுத்தி வைக்கிறேன்னுட்டாரு."

கொழுந்து மிகுந்த காலம் என்பதால் அன்றும் மலையில் வேலை இருந்தது. வெள்ளைச் சேலையோடு அம்மா ஏற, நான் பின்னாலேயே ஓடினேன். தேயிலை நிரையில் கொழுந்து பறித்து நின்ற சின்னம்மா எங்களைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்: "சாமியாரு அனுப்பி வந்தியா, நீயா வந்தியா?"

"கோயில் வாசல் வரைக்கும் அவரு அனுப்பித்தான் வந்தேன். ஏத்தத்துல நானாத்தான் வந்தேன்," என்ற அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "பொல்லாத வார்த்தை சொல்லிட்டேன் புள்ள. இவளுக்கு நான் ஒருத்திதான் ஆத்தான்னு நெனச்சுப்புட்டேன்."

சின்னம்மாவின் கை கொழுந்திலேயே நின்றுவிட்டது. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சீறினாள்: "நன்மை வாங்கணும்னு பச்சத்தண்ணி பல்லுல படாம இம்புட்டு ஏத்தம் ஏறி வந்திருக்கியே, மயங்கி விழுந்தா ஒன்னைய யாரு தூக்குறது?" கங்காணி கத்தக் கத்த, கூடையை இறக்கிவைத்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக் கோயில்வரை கூட்டிவந்தாள். சாமியார் அதுவரை பூசை தொடங்காமல் உட்கார்ந்திருந்தார். அம்மா அழுதுகொண்டே நன்மை வாங்கினாள். வாசலில் நின்ற சின்னம்மாவும் அழுதாள். ஏனென்று தெரியாமலே நானும் அழுதேன்.

இரண்டு பேரும் இன்று இல்லை. சிநேகிதத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டுவிட்டேன். எனக்கு அதைப் புரியவைத்தது அந்த ஏற்றம்தான். நான் இப்போது போகும் டவுன் கோயிலில் எல்லாம் மணிப்படி நடக்கிறது. யாரோடு பேசாமல் இருக்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டு என்னை அனுப்பிவைத்தாலும், நான் திரும்பி வரும்வரை பூசை காத்திருக்காது.