பட்டியலில் மிஞ்சிய வீடு

கடல் காற்றுக்குக் கொப்பித் தாள்கள் படபடத்துக்கொண்டே இருந்தன. ஒன்றின் மேல் பாக்குவெட்டி, மற்றதன் மேல் சீனிப் போத்தல்... கண்ணை மூடினால் அந்தப் படபடப்பு இப்போதும் கேட்கிறது.

என் மூத்தவள் ராத்தாவின் கலியாணத்துக்கு இரண்டு கிழமை இருந்தது. நான் கெம்பஸ் லீவில் கல்முனைக்கு வந்திருந்தேன். உம்மா தன் பக்கத்து ஆட்களை ஒரு கொப்பியில் எழுதியிருந்தார்; வாப்பா தன் பக்கத்தை இன்னொன்றில். இரண்டும் கடற்கரையிலிருந்து மெயின் ரோட் வரை, வீடுகள் இருக்கிற ஒழுங்கில். அந்த ஒழுங்கில்தான் நடந்துபோய் அழைப்பார்கள். வாசலுக்கு வந்து சொல்லாத கலியாணத்துக்குக் கூடப்பிறந்தவரும் வரமாட்டார்.

இரண்டையும் ஒன்றாக்கும் வேலை எனக்கு. அந்த வருடம்தான் கம்ப்யூட்டர் பாடம் எடுத்திருந்தேன், கொஞ்சம் பெருமை... இரண்டு கொப்பியிலும் மேலே நிற்கிற பெயரைப் பார். எது கடலுக்குக் கிட்டவோ அதை எழுது, வெட்டு. இரண்டிலும் ஒரே வீடு வந்தால் ஒருமுறை எழுதி இரண்டிலும் வெட்டு. பிறகு அடுத்த பெயர்.

அலை வந்து போவதுபோல் கை தானாக ஓடியது. உம்மாவின் கொப்பி தீர்ந்தது. வேலை முடிந்தது என்று பேனையை மூடினேன்.

உம்மாவும் அவர் தங்கை சாச்சியும் குடையோடு நடந்து இரண்டு நாளில் சொல்லி முடித்தார்கள்.

மூன்றாம் நாள் பாக்குவெட்டியை எடுத்தபோதுதான் கண்டேன். வாப்பாவின் கொப்பியில் கடைசிப் பெயர் வெட்டுப்படாமல் இருந்தது. ஒரு பட்டியல் தீர்ந்தால் மற்றதில் மிஞ்சியதை அப்படியே கீழே சேர்க்க வேண்டும். நான் சேர்க்கவில்லை.

மிஞ்சியது மாமி. வாப்பாவின் மூத்த சகோதரி. அவர் தன் மகனுக்கு ராத்தாவைப் பெண் கேட்டு, உம்மா மறுத்த நாளிலிருந்து இரண்டு வருடமாக இருவருக்கும் பேச்சில்லை. இந்த அழைப்போடு அது தீரும் என்று வாப்பா நம்பியிருந்தார்.

"ஒண்ட வாப்பாதான் பேர வெட்டிட்டார் எண்டு நெனச்சன்கா" என்றார் உம்மா, நான் சொன்னதும். குடையைக்கூட எடுக்காமல் நடந்தார். நான் பின்னால்.

மாமி வாசல் கேற்றடியில் நின்றார்.

"என்ன, வழி மாறி வந்திட்டீங்களோ?"

"மாமி, எண்ட பிழை. கடைசிப் பேர எழுத மறந்திட்டன்."

"இதப் படிக்கத்தானா கெம்பஸுக்கு அனுப்பின?"

உம்மா சிரிக்கவில்லை. "மதினி, வாசலுக்கு வந்திரிக்கன். நீங்க வராட்டி எனக்கு இது கலியாண வீடில்ல."

மாமி கேற்றைத் திறந்துவிட்டார்.

"வெயிலுக்குள்ள நிக்காம உள்ள வாகா."

அந்தக் காலம்தான் நல்லது என்று சொல்லமாட்டேன். அந்த வெயிலில் நடந்த கால்களைத்தான் கேட்க வேண்டும்.

போன மாதம் ராத்தாவின் மகளுக்குக் கலியாணம். இரண்டு பக்கத்துப் பெயர்களையும் கம்ப்யூட்டரில் ஒரு நிமிடத்தில் ஒன்றாக்கினேன். எந்தப் பெயரும் இரண்டு தரம் வரவில்லை, எதுவும் விடுபடவுமில்லை. கடைசி வரியை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அழைப்பு வட்ஸ்அப்பில் எல்லோருக்கும் ஒரேயடியாகப் போனது.

அன்று பின்னேரம் மாமி கோல் எடுத்தார். வயதில் குரல் தளர்ந்திருந்தது, குத்தல் குறையவில்லை.

"கார்ட் போனுக்கு வந்திரிக்கி. வாசலுக்கு ஆர்கா வார?"

நானும் ராத்தாவும் செருப்பை மாட்டினோம்.