சாலட்டுக்கு ஒரு மாம்பழ மஞ்சள்

பெயிண்ட் கடையில் வண்ணம் கலக்குவது அவர் வேலை. தெருவில் எல்லோருக்கும் அவர் கலர்காரர். சுவரிலிருந்து நகக்கண் அளவு காரையைப் பெயர்த்துக் கொடுத்தால் போதும், அதே நிறத்தில் ஒரு டின் கலக்கிக் கையில் கொடுத்துவிடுவார். கண் அப்படி. மூக்குதான் போய்விட்டது. பெயிண்டை இளக்க ஊற்றும் தின்னரின் நெடியில் வருஷக்கணக்காக நின்றதில் வாசனையும் ருசியும் சொல்லாமல் கொள்ளாமல் அவரை விட்டுக் கிளம்பிவிட்டன. மனைவி எதைச் சமைத்து வைத்தாலும் அவருக்கு அமிர்தம்தான். இதைத் தன் கைமணம் என்று நம்பி அந்த அம்மாளும் பல வருஷம் பெருமைப்பட்டிருக்கிறாள்.

அப்பேர்ப்பட்ட அம்மாளுக்கு ரத்தத்தில் கொழுப்பு கூடிவிட்டது. இதை நான் எப்பவோ சொன்னேனே என்று அவள் தம்பி சிரித்தான், கலர்காரர் சிரிக்கவில்லை. தினமும் சாப்பாட்டுக்கு முன் ஒரு கிண்ணம் பச்சைக் காய்கறி, இல்லையென்றால் இதயத்துக்கு ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவளோ கிண்ணத்தை ஒரு பார்வை பார்த்து, நான் ஆடு இல்லை என்று தள்ளிவிட்டாள். இவள் இல்லாமல் இந்த வீட்டில் தான் என்ன செய்வோம் என்று அவர் பயந்துபோனார். கெஞ்சினார், கொஞ்சினார், ஒரு வேளை பட்டினிகூடக் கிடந்து பார்த்தார். கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், அவள் வாய்க்குள் வெள்ளரிக்காய் போகாது.

கடைசியில் அவளே மனம் இரங்கி ஒரு துப்பு கொடுத்தாள். தம்பி ஒருமுறை ஹோட்டலுக்கு அழைத்துப் போனபோது, காய்கறி மேல் மாம்பழத்தில் ஏதோ செய்து ஊற்றிக் கொடுத்தார்களாம். அது இருந்தால் சாப்பிடலாமாம். அதில் என்னென்ன இருந்தது என்று வேறு யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள். இவர் கேட்டது, அது எந்த மஞ்சள் என்று. கேட்டதோடு நிற்காமல் பையிலிருந்து வண்ண அட்டையை எடுத்து நீட்டினார். அவளும் சளைக்காமல் விரலை ஓட்டி ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டினாள்.

போதாதா? ஞாயிற்றுக்கிழமை மாம்பழத்தையும் அன்னாசியையும் அரைத்து, எலுமிச்சை பிழிந்து, எண்ணெய் ஊற்றினார். அத்தோடு நிறுத்தியிருந்தால் மனுஷன் பிழைத்திருப்பார். அட்டையோடு ஒட்டி வைத்துப் பார்த்தால் நிறம் கொஞ்சம் வெளுப்பு. மஞ்சள்தூள் போட்டார், நிறம் ஏறிவிட்டது. கடையில் நிறம் ஏறினால் வெள்ளை சேர்ப்பது வழக்கம். வீட்டில் வெள்ளையாகக் கண்ணில் பட்டது அரிசி மாவு. கலவை கெட்டியானது. கெட்டியானால் தின்னர் ஊற்ற வேண்டும். அதற்குப் பதில் வினிகர் ஊற்றினார். மறுபடி வெளுத்தது. மறுபடி மஞ்சள்தூள், கூடவே இரண்டு கரண்டி கடுகுத்தூள். உப்பு கரைந்தால் நிறம் காட்டாது என்பதால் அதைப் போடவே அவருக்குத் தோன்றவில்லை. ருசி பார்த்தார். எப்போதும்போல் நன்றாகத்தான் இருந்தது.

எண்ணெய் மட்டும் தனியே மிதந்தது. மறுநாள் கலவையை ஒரு பாட்டிலில் ஊற்றிக் கடைக்குக் கொண்டுபோய், டின் குலுக்கும் மெஷினில் இறுக்கி வைத்து ஓட்டினார். வெளியே எடுத்ததும் வாடிக்கையாளர் ஒருவர் அசந்துபோய், சமையலறைச் சுவருக்கு இதே நிறத்தில் இரண்டு டின் வேண்டும் என்றார். கலர்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் கிண்ணத்தையும் பாட்டிலையும் அவள் முன்னால் வைத்துவிட்டு, பூசிய சுவர் காய்வதைப் பார்ப்பதுபோல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். கண் தானாக மூடிக்கொண்டது. காது சிவந்தது. துப்பலாம் என்றால், எதிரே மனுஷன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பாவமாக இருந்தது. கைக்குக் கிடைத்த வெள்ளரித் துண்டை வாயில் திணித்தாள். நாக்கின் எரிச்சல் அடங்கவில்லை. கேரட்டை அள்ளினாள், அதன் பின்னால் முட்டைக்கோஸ். கிண்ணம் துடைத்துவிட்டதுபோல் ஆனது.

கலர்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆசையாகப் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். கழுத்துவரை அப்படியே இருந்தது.

"என்ன இது, நீ இதைத் தொடவே இல்லையே?"

"தொட்டதாலதாங்க காய் தீர்ந்துச்சு," என்றாள் அவள், தண்ணீர்ச் செம்பைத் தேடிக்கொண்டே. "நாளைக்கும் இதையே பக்கத்துல வைங்க."