பெரட்டில் பதில் சொல்லாத டிஸ்க்

தொண்ணூறுகளின் கடைசியில், கோலா சாவா பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் லாரி நிறுக்கும் மேடைக்குக் கம்ப்யூட்டர் வைத்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ள என்னையும் வைத்தார்கள். அன்றன்றைய எடை, கழற்றி மாட்டும் டிஸ்க் ஒன்றில் பதிவாகும். சாயங்காலம் மிசினை அணைத்துவிட்டு டிஸ்க்கைக் கழற்றி சிரம்பான் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். அணைக்காமல் உருவினால் எல்லாம் உறைந்துபோகும்.

எங்கள் மேனேஜருக்கு அணைத்துவிட்டுக் காத்திருப்பது கௌரவக் குறைச்சல். நட்ட நடுப் பகலில் வந்து டிஸ்க்கை உருவிக் கணக்குப் பார்க்கத் தன் அறைக்கு எடுத்துப் போவார். நான் சொல்லிப் பார்த்தேன்.

"கேசட் மாத்துற மாதிரிதான்லா. இதுக்குப் போயி பெரிய படிப்பா?" என்றார்.

மிசின் உறையும். லாரிகள் ரோடு வரை நிற்கும். பழியோ எடை பதியும் அக்காவின் தலையில் விழும். அவருக்கு இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் கொடுத்தாயிற்று. மூன்றாவது வந்தால் வேலை போகும், வேலையோடு கம்பெனி கொடுத்த லயத்து வீடும் போகும். அவருக்கு மூன்று பிள்ளைகள்.

"நான் தொடவே இல்ல தம்பி. சாப்புட்டு வந்து பாத்தா மிசின் செத்துக் கெடக்கு," என்றார் அக்கா.

அந்த மிசினின் இயங்குதளம் இலவசமாகக் கிடைத்தது; எல்லா வேலையையும் மேய்க்கும் அதன் அடிப்படை நிரலான கெர்னலை யாரும் திறந்து திருத்தலாம். திறந்தேன். எழுதிய மேதாவிகளுக்கு, மிசின் எழும்போது மாட்டியிருந்த டிஸ்க் சாகும்வரை அங்கேயே இருக்கும் என்ற நினைப்பு. டிஸ்க் போன பிறகும் கெர்னல் அதனிடம் கேட்டுக்கொண்டே நிற்கும், வேறு வேலை ஓடாது. எங்கள் தோட்டத்தில் விடிகாலை ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும் பெரட்டில், ஓடிப்போன ஆளின் பேரையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டு, வந்தவர்களையெல்லாம் பனியில் நிற்க வைத்த கணக்கெழுதும் கிராணி ஒருவர் இருந்தார். அதே மண்டைக்கனம்.

மூன்று மாதம் மல்லுக்கட்டினேன். பதில் வராவிட்டால் அந்த டிஸ்க்கின் பேரை அடித்துவிட்டு மற்ற வேலையைப் பார். எடையை மிசினுக்குள்ளேயே வைத்திரு. டிஸ்க் திரும்பி வந்தால் சேர்த்துக்கொண்டு பாக்கியை எழுது. இவ்வளவுதான். கெர்னலுக்கு இதைப் புரிய வைத்துவிட்டேன், மேனேஜருக்குத்தான் முடியவில்லை. ஆத்திரத்தில் இன்னொரு வரியும் சேர்த்தேன்: டிஸ்க் உருவப்படும் நேரத்தையும் குறித்துக்கொள்.

யாரிடமும் சொல்லாமல் ஒரு திங்கட்கிழமை அதை மிசினில் ஏற்றினேன். அந்த வாரம் மிசின் உறையவில்லை. உருவியவர் அதைக்கூடக் கவனிக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம், போன வாரத்து உறைவுக்காக அக்காவின் மூன்றாவது கடிதத்தோடு வந்து நின்றார்.

நான் ஒரு தாளை நீட்டினேன். ஐந்து நாள், ஐந்து தடவை, எல்லாமே மத்தியானம் பன்னிரண்டரையை ஒட்டி, அக்கா கேண்டீனில் இருந்த நேரம். மேனேஜர் இரண்டு முறை படித்தார்.

"இந்த நேரம் எழுதுற வரிய எடுத்துற முடியுமா?"

"எடுக்கலாம் சார். யாரு எடுக்கச் சொன்னாங்கன்னு அதையும் மிசின் எழுதி வச்சிரும்."

பச்சைப் பொய். கேசட் மாற்றுகிறவருக்கு என்ன தெரியும்? கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

லாரி நிற்காமல் ஓடுவதற்குச் சிரம்பானிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது, அவர் பேருக்கு. வைத்துக்கொள்ளட்டும். அக்கா அதே வீட்டில்தான் இருந்தார்.