முனியப்பனுக்கு நான் வைத்த புள்ளி

முனியப்பன் சாமியின் ஒரு கண்ணைத் திறந்தவன் நான். சொன்னால் என் மனைவி நம்புவதில்லை. ஃபியூஸ் போனால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற ஆளுக்கு அவ்வளவு தைரியம் ஏது என்பாள். தைரியம் அல்ல, ஒன்பது மார்க்கினால் வந்த வினை அது. தொண்ணூறுகளின் நடுவில், பெருந்துறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் நடந்தது. எனக்குப் பத்து வயது.

அந்த வருடம் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக டிராயிங் மாஸ்டர் ஒருவர் வந்திருந்தார். உலகத்தில் எந்தப் படமானாலும் அதற்குள் இருப்பது இவ்வளவுதான் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டார். புள்ளி, கோடு, வடிவம், நிறம், ஒளி நிழல், சொரசொரப்பா வழவழப்பா என்கிற தன்மை, சுற்றிலும் விடுகிற வெற்றிடம். எல்லாவற்றுக்கும் மூலம் புள்ளி. அதை மனப்பாடம் செய்து, ஒரு மாம்பழம் வரைந்து, பத்துக்கு ஒன்பது வாங்கினேன். அன்றிலிருந்து கண்ணில் படுவதற்கெல்லாம் நான் மார்க் போட ஆரம்பித்தேன். அம்மா வார்த்த தோசையைப் பார்த்து, "வடிவம் சரியில்லீங்க" என்றேன். அன்று எனக்குக் கிடைத்தது பழைய சோறு.

ஊர்க்கோடியில் முனியப்பன் கோயில் திருப்பணி நடந்துகொண்டிருந்தது. உட்கார்ந்த நிலையிலேயே இரண்டு ஆள் உயரமுள்ள சிமெண்டுச் சாமி. சுற்றிலும் மூங்கில் சாரம். வெளியூர்ப் பெயின்டர் ஒருவர் வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார். நான் தினமும் கீழே நின்று பரிசோதிப்பேன். மீசைக் கோட்டுக்குப் பத்துக்குப் பத்து. தொந்தியின் வளைவுக்கு எட்டு. அரிவாளில் வெயில் பட்டதுபோல வெள்ளை இழுத்திருந்ததற்கு ஒன்பது, எனக்குச் சமம். எல்லாம் முடிந்தும் கண்கள் மட்டும் உரித்த கோழிமுட்டைபோல வெறுமனே இருந்தன.

"கண்ணை மறந்துபோட்டீங்களாங்க?" என்று கேட்டேன்.

"மறக்கலீங்க தம்பி" என்றார் பெயின்டர். "அது கும்பாபிஷேகத்தன்னிக்குத்தான். மொதப் பார்வை நெருப்புங்க. கண்ணாடி காட்டி, பசுமாட்டைக் காட்டி, அப்பறந்தான் சனத்தைப் பாக்க உடோணும். அதுக்கு முந்தி எதுத்தாப்ல ஆராச்சும் நின்னா பொசுங்கிப்போவாங்க."

புத்தியுள்ளவன் இதைக் கேட்டதும் வீட்டுக்கு ஓடியிருப்பான். எனக்கோ, முதலில் வைக்க வேண்டிய புள்ளியை இந்த ஆள் கடைசிக்கு வைத்திருக்கிறாரே என்றுதான் பட்டது. சனிக்கிழமை மத்தியானம் அவர் சாப்பிடப் போன நேரம் பார்த்துச் சாரத்தில் ஏறினேன். கறுப்பு டப்பாவில் விரலை முக்கி, வலது கண்ணின் நடுவில் ஒரே ஒரு புள்ளி வைத்தேன்.

அதுவரைக்கும் அங்கே இருந்தது சிமெண்டும் வர்ணமும் கோடுகளும்தான். புள்ளி விழுந்ததும் எல்லாம் ஒன்று கூடி ஓர் ஆளாகிவிட்டது. அந்த ஆள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே எதையோ பார்த்தார்.

திரும்பினேன். எதிர்த் தோட்டத்து மோட்டார் ரூம் நிழலில் என் சித்தப்பா நின்றிருந்தார். பக்கத்தில், எங்கள் காட்டுக்குக் களையெடுக்க வருகிறவர்களின் மகள். கோயமுத்தூரில் காலேஜ் படிக்கிற அக்கா. அந்த அக்காவின் குடையைச் சித்தப்பா பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் நேராக நெருப்பின் முன்னால்.

சட்டை நுனியால் துடைத்தேன். புள்ளி இழுபட்டுக் கண் முழுக்கச் சாம்பலாகியது. இப்போது அது இன்னும் கோபமாகப் பார்ப்பதுபோலத் தெரிந்தது. வெள்ளை டப்பாவை எடுத்து அப்பி மூடிவிட்டு இறங்கினேன். இறங்கினேன் என்பது மரியாதைக்கு. கடைசி மூன்று மூங்கில்களை நான் தொட்டதாக நினைவில்லை.

மறுநாளிலிருந்து சித்தப்பா பொசுங்கத் தொடங்கினார். பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். கூப்பிட்டால் இரண்டாம் தரம்தான் திரும்பினார். அவருக்குக் காங்கேயம் பக்கம் பெண் முடிவாகியிருந்த நேரம். மாப்பிள்ளைக்குக் கூச்சம் வந்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். உள்ளே தீ எரிவது எனக்கு மட்டும்தான் தெரியும். சாக்குச் சொல்லி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். கொல்லைக்குப் போனாலும் பின்னாலேயே போனேன். திருநீறு காப்பாற்றும் என்று அவர் காப்பியில் ஒரு சிட்டிகை போட்டேன். குடித்துவிட்டுச் சர்க்கரை சரியில்லை என்றுகூடச் சொல்லவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கிருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது.

ஐந்தாம் நாள் அவர் தொட்டியோரம் பைக் கழுவிக்கொண்டிருந்தபோது அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"சித்தப்பா, நீங்க செத்துப்போயிருவீங்களா?"

"ஏங் கண்ணு?"

"முனியப்பன் உங்களைப் பாத்துப்போட்டாருங்க. நாந்தான் கண்ணைத் தொறந்துபோட்டேன். சனிக்கெழமை, மோட்டார் ரூமுகிட்ட. அந்த அக்காவும் நின்னாங்க. அவங்களும் செத்துப்போயிருவாங்களா?"

அவர் கையிலிருந்த துணி நின்றுவிட்டது. முகத்திலிருந்து நிறம் வடிந்துபோனதை நான் கண்ணால் பார்த்தேன்.

"ஆரு பாத்தது?"

"முனியப்பனுங்க."

"வேற ஆரு?"

"நானுங்க."

"உங்கப்பங்கிட்டச் சொன்னியா?"

"இல்லீங்க. சாரத்துல ஏறுனது தெரிஞ்சா தோலை உரிச்சுப்போடுவாரு."

ஈரக் கையால் என் தோளைப் பிடித்தார். "ஆருகிட்டயும் சொல்லிப்போடாத கண்ணு. எப்பவுஞ் சொல்லாத. சாமி பாத்தா ஒண்ணும் ஆகாது."

நான் உருகிப்போனேன். சாகப் போகிற நேரத்திலும் என் முதுகைக் காப்பாற்ற நினைக்கிறாரே என்று அழுதேன். எங்கள் ஊரில் அந்த இரண்டு பேரும் சேர்ந்து நிற்பதைச் சாமி பார்த்தால் பரவாயில்லை, மனிதர்கள் பார்த்தால்தான் உயிர் போகும் என்று பத்து வயதில் எந்தக் கரும்பலகையிலும் எனக்கு யாரும் எழுதிப்போடவில்லை. அவருக்காக நான் பயந்தேன். அவரோ அந்த அக்காவுக்காக என் அப்பாவை நினைத்துப் பயந்திருக்கிறார்.

கும்பாபிஷேகம் நல்லபடி முடிந்தது. களையெடுக்க வந்த அந்தக் குடும்பம் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். வைகாசியில் சித்தப்பாவுக்குக் கல்யாணம். மாலையும் கழுத்துமாக மணவறையில் அவர் உட்கார்ந்திருந்தபோது, கூட்டத்தில் நுழைந்து போய்க் காதில் சொன்னேன்.

"பாத்தீங்களா சித்தப்பா, ஒண்ணுமே ஆகலீங்க."

"ஆமாங் கண்ணு" என்றார்.

என் தலையில் வைத்த கையை அவர் ரொம்ப நேரம் எடுக்கவில்லை. கண் சிவந்திருந்தது. ஓமப் புகை என்று நினைத்துக்கொண்டு பந்திக்கு ஓடினேன்.