நூறு மீற்றர் குறைந்த வீதி

புளியங்கூடல் றஞ்சனிக்குச் சோறு போட்டதும் வீதி வேலைதான், பேச்சு வாங்கித் தந்ததும் அதுதான். தொழில்நுட்ப உத்தியோகத்தராகப் பதினெட்டு வருசம் ஸ்கூட்டியில் தீவெல்லாம் திரிந்தவள். ஆனால் மடத்துவெளியில் வாங்கிய பேச்சைப்போல வேறெங்கும் வாங்கியதில்லை.

கோயில்வரை போகிற அந்த ஊர் வீதிக்கு ஒதுக்கியது ஆறு கோடி. அதில் முப்பது இலட்சம் அளவை, மண் பரிசோதனை, வரைபடம், மேற்பார்வை என்று பொறியியல் செலவுக்குப் போகும். மிச்சக் காசில் போட்டால் வீதி கோயில் வாசலுக்கு நூறு மீற்றர் முன்னாலேயே நின்றுவிடும். ஊர் கொதிக்காமல் என்ன செய்யும்?

“கடதாசிக்கு முப்பது இலட்சமோ, தங்கச்சி?” என்றார் அபிவிருத்திச் சங்கத் தலைவர் சுபாஸ்கரன். வான் ஓட்டிப் பிழைக்கிற மனிசன். “எங்கட மண் எங்களுக்குத் தெரியாதே? நீர் ஒரு கையெழுத்து வையும், அந்தக் காசைத் தாருக்கு மாத்துவம்.”

“ஏலாது அண்ணை. ஆழம் தெரியாமல் நான் காலை விடமாட்டன்.”

அவளை இடம் மாற்றச் சொல்லி மனுப் போனது. றஞ்சனிக்குக் கோபம் மூக்கில் நின்றது. “மாரிக்கு வீதி உடைஞ்சால் மனுத் தேவையில்லை, நானே இடமாற்றம் எழுதிக் குடுத்திட்டுப் போறன்” என்று சங்கக் கூட்டத்தில் சொல்லிவிட்டு, ஆட்களைக் கொண்டுவந்து துளை போட்டு மண் எடுத்தாள்.

மாரிக்கு மாரி அந்த வீதி ஒரே இடத்தில்தான் உடையும். உடைந்த இடத்தில் முருகைக்கல் கொட்டி இன்னும் ஒரு முழம் உயர்த்துவது ஊர் வழக்கம். கடலில் கரைத்த பெருங்காயம்தான். துளை போட்டுப் பார்த்தால், அந்தக் கல்லுக்கு அடியில், வெள்ளம் கடலுக்கு ஓடிய பழைய வாய்க்கால் மூடிக்கிடந்தது. வீதி என்று நினைத்துக்கொண்டு ஊரே கூடி அணை கட்டியிருக்கிறது! வரைபடத்தில் அந்த இடத்துக்கு மூன்று மதகுகள் ஏறின. வீதியும் கோயிலுக்கு நூறு மீற்றர் முன்னாலேயே முடிந்தது.

கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலமை றஞ்சனி அங்கே போய் நின்றாள். வயல்வெளி முழுக்க வெள்ளம். ஆனால் மூன்று மதகாலும் தண்ணீர் திமிறிக்கொண்டு கடலுக்கு ஓடியது. வீதியில் ஒரு வெடிப்பு இல்லை. மற்ற வருசங்களில் இந்த நாளில் கொட்டிலுக்குள் முடங்கும் சுபாஸ்கரனின் வான், சனத்தை ஏற்றிக்கொண்டு, ஹோர்ன் அடித்தபடி அவளைத் தாண்டிப் போனது. மழையில் தனியே நின்று அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

தை பிறந்ததும் சுபாஸ்கரன் ஒரு கடிதத்தோடு அவளின் கந்தோர் மேசைக்கு வந்தார்.

“மனுவைத் திருப்பி எடுத்திட்டம். மிச்ச நூறு மீற்றரையும் போட்டுத்தரச் சொல்லி இதிலை கேட்டிருக்கிறம். முதல் வரியை வாசியும், தங்கச்சி.”

வாசித்தாள். ‘முதலில் மண் பரிசோதனைக்கும் வரைபடத்துக்கும் காசு ஒதுக்கவும். தார் பிறகு.’

“இப்பவெண்டாலும் கையெழுத்து வைப்பீரோ?”

றஞ்சனி பேனையை அழுத்திய அழுத்தத்தில் கடதாசி கிழியப் பார்த்தது.